கேள்வி பதில்: காகிதம் ஒன்று சொல்லும், இலை வேறு சொல்லும்

பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் காலமாகி, அவர் மகள் வீட்டைக் காலி செய்யும்போது காகிதத்தில் சுற்றிய வட்டத் தேயிலைக் கட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே 7542 என்று அச்சடித்திருக்கிறது. 1975-இல் செய்தது, ஐம்பது வருஷத்துச் சரக்கு, விற்றால் கார் வாங்கலாம் என்கிறான் என் தம்பி. நிஜமா ஐயா?
- வாசகி, ஈப்போ

தம்பியைத் திட்டாதீர்கள் அம்மா, நானும் அதே குழியில் விழுந்தவன்தான். சிங்கப்பூரில் ஒரு கடையில் இதே மாதிரி வட்டு ஒன்றை எடுத்து, எத்தனை வயது என்று கேட்டேன். கடைக்காரர் வாயே திறக்கவில்லை, 7572 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் புன்னகைத்தார். மிச்சக் கணக்கை நானே போட்டுக்கொண்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சின்ன எழுத்தில் தேதி முத்திரை: 2011.

அந்த நான்கு இலக்கம் பிறந்த தேதி அல்ல, சமையல் குறிப்பின் எண். முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை உருவான வருஷம், மூன்றாவது இலையின் தரம், கடைசி இலக்கம் ஆலை. 1 என்றால் குன்மிங், 2 மெங்ஹாய், 3 சியாகுவான், 4 பூஎர். ஆக உங்கள் 7542, 1975-இல் அமைந்த கலவைப்படி மெங்ஹாய் ஆலை செய்யும் பச்சை பூஎர், அதாவது புளிக்கவைக்காமல் அழுத்தி, வருஷக்கணக்கில் தானாக முதிரவிடும் யுன்னான் தேயிலை. இன்றைக்கும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் செய்த வட்டிலும் 7542 என்றுதான் இருக்கும். ஊர் மட்டும் இதிலேயே தெரிந்துவிட்டது: சீனாவின் தென்மேற்கே யுன்னான் மாகாணம், அதிலும் பர்மா, லாவோஸ் எல்லையை ஒட்டிய சிஷுவாங்பன்னா. எண்ணுக்குப் பக்கத்தில் கோடு போட்டு 501 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 2005-இன் முதல் ஈடு. 1201 என்றால் 2012-இன் முதல் ஈடு.

அப்புறம் காகிதத்தைத் திருப்புங்கள். நீல நிறத்தில் கியூ.எஸ். என்ற உணவுப் பாதுகாப்பு முத்திரை இருந்தால் அந்தக் காகிதம் இந்த நூற்றாண்டில் அச்சானது, அவ்வளவுதான். முத்திரைக்குக் கீழே உள்ள நான்கு சீன எழுத்து 2010-இல் மாறியது, அது தெரிந்தவர் கண்ணுக்கு இன்னும் நெருக்கமாகச் சொல்லும். எஸ்.சி. என்று தொடங்கும் 14 இலக்க எண் இருந்தால் 2015 அக்டோபருக்கு முன்னால் போகவே முடியாது. இந்த எண் ஒரு தங்கச் சுரங்கம்: முதல் மூன்று இலக்கம் 114 என்றால் தேயிலை, அடுத்த இரண்டு மாகாணம். யுன்னானுக்கு 53, ஹுனானுக்கு 43, ஹூபேய்க்கு 42. சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஊரைப் பிடித்துவிடலாம்.

இது எதுவும் இல்லாமல், சின்னக் கட்டத்தின் நடுவே செங்குத்தாகக் கோடு கிழித்த மாதிரித் தெரியும் ஒரே சீன எழுத்து சிவப்பில் எட்டு முறை வட்டமாக நிற்க, நடுவில் பச்சையில் 'தேயிலை' என்ற எழுத்து மட்டும் இருந்தால்? அது 1951-இல் பதிவான அரசு நிறுவனச் சின்னம். அதோடு யுன்னான் தேயிலைக் கிளை என்று நீளமான நிறுவனப் பெயர் இருந்தால் 1972-க்கு முந்தையதில்லை. மெங்ஹாயின் சொந்த முத்திரையான 'தாயீ' 1989-இல் பதிவானது. ஒன்றைக் கவனித்தீர்களா, எல்லாமே "இதற்கு முன்னால் இல்லை" என்றுதான் சொல்கின்றன. காகிதத்தால் அவ்வளவுதான் முடியும். பழைய காகிதத்தை இன்றைக்கு அச்சடிக்கலாம், தேநீரில் முக்கிக் கறையும் ஏற்றலாம், பூச்சி அரித்த ஓட்டைகூடப் போடலாம்.

ஆகவே காகிதத்தைப் பிரித்து வட்டைப் பாருங்கள். செக்கிலிருந்து வந்த புண்ணாக்கு மாதிரி இருக்கும், பின்பக்கம் நடுவில் ஒரு குழி. துணிப்பையில் இலையைக் கொட்டி முறுக்கி, அந்த முடிச்சோடு அழுத்தியதால் விழுந்த குழி அது. முன்பக்கம் ஒரு சின்னச் சீட்டு இலைக்குள் பாதி புதைந்திருக்க வேண்டும். அழுத்தும்போதே உள்ளே வைப்பது என்பதால் இலைகள் அதன் மேல் ஏறிக் கடித்துக்கொண்டிருக்கும், கிழிக்காமல் எடுக்க வராது. நகத்தால் தொட்டதும் முழுசாக வந்துவிட்டால் பின்னால் யாரோ சொருகியது.

கடைசிச் சோதனை அடுப்படியில். விற்கும் யோசனை இருந்தால் முன்பக்கத்தைத் தொடாதீர்கள், பின்குழியின் ஓரத்தில் கோணூசியால் 5 கிராம் நெம்பி எடுங்கள். கொதிநீர் ஊற்றி முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். இளம் பச்சை பூஎர் வைக்கோல் மஞ்சளாக இருக்கும், நாக்கைப் பிடித்துக் கசக்கும். வருஷம் ஏற ஏற ஆரஞ்சு, பிறகு செம்மரக் கட்டையின் நிறம். வெந்த இலையைத் தட்டில் விரித்தால் பச்சை மிச்சமிருக்கிறதா, பழுப்பாகி இன்னமும் துணி மாதிரி வளைகிறதா என்று தெரியும். கறுப்பாகி, தொட்டால் நசுங்கினால் அது 'பழுத்த' பூஎர். ஈரத்தில் குவித்துப் புளிக்கவைத்து, பல வருஷ வேலையைச் சில வாரத்தில் முடிக்கும் முறை. அந்த முறையே 1973-இல்தான் குன்மிங்கில் அமைந்தது என்பதால், பழுத்த பூஎரைக் கையில் வைத்துக்கொண்டு "1950-களின் சரக்கு" என்று ஒருவர் சொன்னால் மேலே கேட்க வேண்டியதில்லை. உங்கள் 7542 பச்சை வகை, அதில் அந்தக் கறுப்பு வந்தால் காகிதம் ஒன்று, உள்ளே வேறொன்று.

ஈப்போ ஈரத்துக்கு ஒரு தள்ளுபடி வைத்துக்கொள்ளுங்கள். குன்மிங்கின் உலர்ந்த காற்றில் கிடப்பதைவிட மலேசியாவில் தேயிலை வேகமாக முதிரும். பார்வைக்கு முப்பது சொன்னாலும் பதினைந்தாக இருக்கலாம். கார் வேண்டாம், தம்பிக்கு ஒரு சைக்கிளுக்கு வழி இருக்கிறதா பாருங்கள்.

குவாங்சோவில் வேலை பார்க்கும் மகன் ஒரு தேயிலைச் செங்கல் வாங்கி வந்தான். முன்னால் கோபுர வாசல் மாதிரிச் சிற்பம், பின்னால் கட்டம் கட்டமாகக் கோடு. இதுவும் பூஎரா? எத்தனை வருஷம் வைக்கலாம்?
- வாசகர், சென்னை

இல்லை. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை, பலகை மாதிரி வழவழப்பு, கத்தி இறங்காத கெட்டி என்றால் அது பெரும்பாலும் ஹூபேய் மாகாணத்து ஜாவோலிச்சியாவ் ஊர்ச் சரக்கு. உள்ளே இருப்பது நாம் தினம் குடிக்கும் அதே வகைத் தேயிலைத் தூள், இயந்திரத்தில் அழுத்தியது. பூஎர் கட்டியில் முழு இலை, காம்பு, மொட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், இதில் எதுவும் தெரியாது. தவிர, பூஎர் என்ற பெயரே யுன்னானின் பெரிய இலைத் தேயிலைக்கு மட்டும்தான் என்று 2008-இன் சீனத் தரவிதி சொல்கிறது.

இந்தச் செங்கலின் கதைதான் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய வணிகர்கள் ஹான்கோவில் ஆலை வைத்து, தூளை நீராவி இயந்திரத்தில் அழுத்தி சைபீரியாவுக்கு ஏற்றினார்கள். மங்கோலியாவில் தேயிலைச் செங்கல் காசாகவே புழங்கியது. வைத்திருந்தால் மதிப்பு ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், தூள் முதிர்வதில்லை, வாசம்தான் போகும். பின்கட்டம் உடைத்துக் குடிக்கத்தான் போட்டது. மகனுக்கு மனசு வராவிட்டால் ஷோகேஸில் வையுங்கள்.

நண்பர் தந்த ஹுனான் தேயிலைக் கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சள் புள்ளிகள். பூஞ்சையா? தூக்கிப் போடவா?
- வாசகி, கோலாலம்பூர்

பூஞ்சைதான், ஆனால் தூக்கிப் போடாதீர்கள்! அதைத் 'தங்கப்பூ' என்பார்கள், ஹுனானின் ஃபூ செங்கலில் வேண்டுமென்றே வளர்ப்பது. கடுகை உடைத்துத் தூவிய மாதிரி உள்ளே சீராகப் பரவியிருந்தால் நல்ல சரக்கு. வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ மேலே ரோமம் மாதிரிப் படர்ந்து, மழையில் நனைந்த சாக்கு நாற்றம் அடித்தால் மட்டும் குப்பைக்கு.

உங்கள் ஊர்ப் பக்கம் கூடையில் அழுத்தி வரும் லியூபாவ் என்ற தேயிலையும் கிடைக்கும், அது சீனாவின் குவாங்சிப் பகுதியது. ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகள் வெயிலுக்குக் குடித்தது. சில பழைய கடைகளின் பரணில் இன்னும் கூடை கூடையாகக் கிடக்கிறது என்பார்கள். கிடைத்தால் பாதிக் கூடை எனக்கு.