வெனிஸ் முகமூடிகளைச் சிங்கப்பூர் வீட்டுச் சுவரில் மாட்டலாமா?

இத்தாலியின் வெனிஸ் நகரத் திருவிழா முகமூடிகளைச் சேகரித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் மாட்டினால் நம் ஊர் ஈரப்பதத்தில் கெட்டுப்போகாதா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம். ஆனால் வாங்கும்போது முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள்.

வெனிஸ் கைவினைஞர்கள் களிமண்ணில் முகத்தை வடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சின் உட்புறத்தில் பசை தோய்ந்த காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக அழுத்தி, காய்ந்தபின் உரித்தெடுத்துக் கண்களை வெட்டித் திறப்பார்கள். அதன்மேல் வெள்ளைப் பூச்சும் வண்ணமும், சிலவற்றில் பொன் தாளும் ஏறும். ஆகவே காகித முகமூடியைத் திருப்பினால் துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது தெரியும். உட்புறத்துக்கும் வண்ணம் பூசியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், மேடுபள்ளம் தட்டுப்படும். பிளாஸ்டிக் ஒரே வழவழப்பாக இருக்கும். பீங்கான் முகமூடி கனமானது, சுவரில் துளையிட்டுத் திருகாணி போட வேண்டும். ஆனால் அதைப் பூஞ்சை அரிக்காது.

‘இருநூறு ஆண்டுப் பழமை’ என்று யாராவது விலையை ஏற்றினால் நம்பிவிடாதீர்கள். 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின் மங்கிப்போன அந்தத் திருவிழாவுக்கு 1979இல்தான் மறுபடி உயிர் வந்தது. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவையே.

வகைகளில் எனக்குப் பிடித்தது பௌட்டா. வெண்மையான முகத்தில் வாய் இராது. மூக்குக்குக் கீழே தாழ்வாரம்போல முன்னே நீண்டிருக்கும். அணிந்தவர் அதைக் கழற்றாமலே உண்ணவும் பருகவும் அந்த இடைவெளி உதவியது, குரலும் மாறி ஒலித்தது. பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழும்படி மாட்டினால் அந்த நீட்சியின் நிழல் சுவரில் நன்றாக விழும். மொரெட்டா என்பது பெண்கள் அணிந்த கறுப்பு நீள்வட்ட முகமூடி. உட்புறப் பொத்தானைப் பல்லால் கடித்துத்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் அணிந்தவர் பேசவே முடியாது. அதை அழகுப்பொருளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. இறகு வைத்த கொலம்பினா அரைமுகமூடிகள் தூசியை வாங்கி வைத்துக்கொள்ளும், துடைப்பதும் கடினம்.

இனி ஈரப்பதம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்த்து, காற்றோட்டமுள்ள உட்சுவரில் மாட்டுங்கள். முகமூடி சுவரோடு ஒட்டிக்கொள்ளாதபடி பின்னால் தக்கைத் துண்டு ஒன்றை வைத்தால் உட்புறத்தில் காற்று புகும். பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மாவுப் பசையும் காகிதமும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து என்பதால் அவ்வப்போது கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சமையலறைக்கு எதிரே வேண்டவே வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்து வெள்ளைப் பூச்சு பழுப்பேறினால், காகிதத்தைக் கழுவவா முடியும்? தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள். மேற்கு வெயில் நேராகப் படும் இடத்தில் வண்ணம் வெளுத்துவிடும்.

காகித முகமூடி எடை குறைந்தது, சாதாரண ஒட்டுக் கொக்கியே தாங்கும். நீண்ட அலகுள்ள கொள்ளைநோய் மருத்துவர் முகமூடியை மட்டும் நடைவழியில் மாட்டாதீர்கள். நம் வீடுகளின் குறுகிய நடையில் யாருடைய தோளாவது இடித்து அலகு மடங்கிவிடும். அலமாரிக்கு மேலுள்ள சுவரே அதற்கு ஏற்ற இடம்.