'எதுக்கும் இருக்கட்டும்': பயணப் பை பற்றிச் சில கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பயணம் பற்றித்தான். மதுரையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வருவது 22 வருடமாக என் பிழைப்பு. பஸ் டிக்கி மூடாமல் முழங்காலால் அழுத்தி மூடிய நாட்கள் நிறைய. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நாங்க நாலு பேர். ஊட்டிக்கு மூணு நாள் போறதுக்கே ஆறு பை சேர்ந்துடுது. எதைக் குறைக்கிறதுன்னே தெரியலை. (விருதுநகர் வாசகி)

ஆறு பையையும் கட்டிலில் கொட்டுங்கள், அம்மா. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, 'இது எந்த நாளைக்கு, எந்த வேளைக்கு?' என்று கேளுங்கள். 'ரெண்டாம் நாள் காலையில போட' என்று பதில் வந்தால் பைக்குள் போகட்டும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வந்தால் பீரோவுக்குள் போகட்டும். நான் பார்த்தவரை நம் வீட்டுப் பைகளில் பாதி இந்த 'எதுக்கும் இருக்கட்டும்'தான். மூன்றாவது ஜோடிச் செருப்பு, இஸ்திரிப் பெட்டி, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். ஊட்டிக் குளிரில் அந்த எண்ணெய் கட்டியாகி பாட்டிலை விட்டு வெளியே வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

குளிர் என்றதும் வீட்டிலுள்ள கம்பளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம், ஆக 12 டிகிரி குறையும். கீழே 36 என்றால் மேலே 24. பகலில் முழுக்கைச் சட்டையே போதும். ராத்திரிக்கும் விடிகாலைக்கும் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். அதைப் பைக்குள் வைக்காமல் வண்டியில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்; குன்னூர் தாண்டுவதற்குள் பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று மூன்று அடுக்காகப் போடுவது ஒரே தடித்த கோட்டைவிட நன்றாகக் குளிர் தாங்கும், இடமும் அடைக்காது.

ஜீன்ஸ் ஆளுக்கு ஒன்று, அதுவும் போட்டிருப்பது மட்டும். ஒரு ஜீன்ஸ் அறுநூறு கிராமுக்குக் குறையாது. ஊட்டியில் நனைந்தால் நீங்கள் திரும்பி வரும்வரை காயாது. மே மாதம் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று மழை பிடிக்கும், குடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிருப்பது போக ஆளுக்கு இரண்டு செட், ஒரு இரவு உடை. நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு பையில் அடங்கிவிடும்.

துணியை ஆளுக்கு ஒரு தலையணை உறையில், சுருட்டிச் சுருட்டி அடுக்குங்கள். உறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருக்கட்டும். கடையில் இதற்கென்றே ஜிப் வைத்த உறைகள் விற்கிறார்கள். நல்லவைதான், ஆனால் பழைய தலையணை உறை செய்யாத எதையும் அவை செய்துவிடுவதில்லை. பையனின் டவுசரைத் தேட அம்மா புடவையைக் கலைக்க வேண்டியிருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். சொந்த வண்டியில் போகிறீர்கள் என்றால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் சிக்னல் வரும் போகும். நீலகிரிச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

ரயிலில் எத்தனை கிலோ வரை இலவசம்? (தஞ்சாவூர் வாசகர்)

ஏசி முதல் வகுப்பு 70 கிலோ, இரண்டடுக்கு ஏசி 50, மூன்றடுக்கு ஏசியும் ஸ்லீப்பரும் 40, இரண்டாம் வகுப்பு 35. அதற்கு மேல் இருந்தால் பார்சல் ஆபீசில் புக் செய்ய வேண்டும். ஆனால் 40 கிலோவை ஓவர்பிரிட்ஜ் ஏற்றி இறக்கப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் கையால் தூக்கிக்கொண்டு ஒரு மாடி நிற்காமல் ஏற முடிகிற பைதான் உங்கள் அளவு.

ராமேஸ்வரத்துக்குப் பெரியவர்கள் பத்துப் பேரை அழைத்துப் போகிறேன். தீர்த்தமாடிய ஈரத் துணியை என்ன செய்வது என்பதுதான் பெரிய கவலை. (சேலம் வாசகர்)

நல்ல கவலை. ராமேஸ்வரத்தில் பை கட்டுவது மற்ற ஊர் மாதிரி இல்லை. ஒரே காலையில் கடல், 22 தீர்த்தம், அப்புறம் சாமி தரிசனம். அக்னி தீர்த்தத்தில் குளித்து, அதே ஈரத்தோடு கோயிலுக்குள் வந்து, ஒவ்வொரு தீர்த்தமாக வாளியில் இறைத்து ஊற்ற ஊற்ற நடந்து, கடைசியில் கோடி தீர்த்தம். ஈரத் துணியோடு சன்னதிக்குப் போக முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆக, அன்றைக்கு ஆளுக்கு இரண்டு செட். நனைவதற்கு ஒன்று, தரிசனத்துக்கு ஒன்று.

நனைகிற செட்டைப் பழசாக, அடர்ந்த நிறமாக, மெல்லிசாக எடுத்துவரச் சொல்லுங்கள். வெள்ளைப் பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வயதான அம்மாக்களுக்குச் சங்கடம். கனமான பருத்திப் புடவை தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலைத் தட்டும். ஈரப் பிரகாரத்தில் வழுக்கிவிட்டால் யாத்திரை ஆஸ்பத்திரியில் முடியும். நைலக்ஸ் மாதிரிப் புடவை, கொசுவத்தில் இரண்டு ஊக்கு. ஆண்களுக்குக் காவி வேட்டி.

உலர்ந்த செட்டை ஆளுக்கு ஒரு மஞ்சப்பையில் போட்டு, பையின் வெளியே பெயரை மார்க்கர் பேனாவில் எழுதுங்கள். பத்துப் பையையும் ஒரே கட்டைப்பையில் வைத்து, நனையாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எந்தக் குழுவிலும் சளி, முழங்கால் வலி என்று தீர்த்தமாடாத ஒருவர் இருப்பார். இந்த வேலைக்கு அவர்தான் சரி. செல்போன்களை அறையிலேயே விட்டுவிடுங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது; வாசலில் பத்துப் போனுக்கு டோக்கன் வாங்கி நிற்பது தனி வரிசை.

இனி ஈரத் துணி. பிழிந்த கையோடு பாலிதீன் கவரில் திணித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் நாற்றம் வந்துவிடும். அறைக்கு வந்ததும் கட்டிலில் ஓர் உலர்ந்த துண்டை விரியுங்கள். ஈரோட்டுப் பக்கத்து ஈரிழைத் துண்டு இதற்கு அருமை. அதன்மேல் பிழிந்த துணியைப் பரப்பி, இரண்டையும் பாய் சுருட்டுவதுபோல் சேர்த்துச் சுருட்டி, ஒரு முனையை நீங்கள், மறு முனையை இன்னொருவர் பிடித்து முறுக்குங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மூன்று மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி, ஃபேனுக்குக் கீழே போட்டால் மெல்லிசுத் துணி ஒரு தூக்கத்தில் காய்ந்துவிடும். கடலில் மட்டும் குளித்த துணி இப்படிக் காயாது, உப்பு ஈரத்தை விடாது. இங்கே 22 தீர்த்தத்துத் தண்ணீர் பட்டு உப்பு ஏற்கெனவே போயிருக்கும் என்பது நமக்கு வசதி.

டர்க்கித் துண்டை யாரும் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது ஒன்றின் எடையில் ஈரிழைத் துண்டு மூன்று வரும்.

டூர் போகும்போதும் பட்டுப்புடவை மூணு வைக்கணும்னு மாமியார் சொல்றாங்க. எப்படி மடிக்கிறது? (கும்பகோணம் வாசகி)

மூன்றை ஒன்றாக்கப் பேசிப் பாருங்கள். பேச்சு எடுபடாவிட்டால் மூன்றையும் ஒரே பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். ஜரிகை உள்பக்கம் இருக்கட்டும், ஜரிகை வழியாக மடிப்பு விழக் கூடாது. பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், பை முழுக்க மணக்கும். மாமியாரிடம் பேசுவதற்கு எனக்குத் தெரிந்த உத்தி எதுவும் இல்லை.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். முதல் விமானப் பயணம். டிக்கெட்டில் 7 கிலோ கைப்பை மட்டும்தான். ஐந்து நாளுக்கு முடியுமா? (பெரம்பலூர் வாசகர்)

முடியும் தம்பி. முதலில் வெறும் பையை எடை போடுங்கள். சக்கரம் வைத்த சின்னப் பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ வரும். உங்கள் ஏழில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போய்விடும். துணியால் ஆன முதுகுப்பை ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். வீட்டில் எடைக்கருவி இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், வந்த எடையில் உங்கள் எடையைக் கழியுங்கள். ஏழுக்கு ஆறரையிலேயே நிறுத்துவது நல்லது. கவுண்டர் தராசோடு வாதாட முடியாது.

சிங்கப்பூரில் வருடம் முழுக்க நம் ஊர் வெயிலும் புழுக்கமும்தான், கூடவே மழை. ஸ்வெட்டர் வேண்டாம். மூன்று டி-ஷர்ட், ஒரு பேன்ட், ஒரு அரைக்கால் சட்டை; ராத்திரி குளிக்கும்போது அன்றைய டி-ஷர்ட்டை அலசிப் போட்டுவிடுங்கள். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள், ரப்பர் செருப்பு பைக்குள். திரவம் எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் கைப்பையில் போகாது. பாதி காலியான 200 மில்லி ஷாம்பு பாட்டிலும் 200 மில்லி பாட்டில்தான். நம் ஊர்க் கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு சாஷே இதற்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அங்கே அத்தை யாராவது கேட்டால் இந்த முறை இல்லை என்று சொல்லிவிடுங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74, கவலையில்லை. பறக்கும்போது அதில் சார்ஜ் போடுவதைப் பல விமானங்களில் இப்போது அனுமதிப்பதில்லை. அங்குள்ள பிளக்குக்குச் செவ்வக முனை மூன்று. நம் உருண்டை முனை நுழையாது, ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சூயிங்கம் வேண்டாம், அங்கே கொண்டுபோகத் தடை. வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் வேறு யாருடையதோ.

கட்டுச்சோறு கட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஆனால் திரும்பும்வரை காலித் தூக்குகளைச் சுமக்க வேண்டியிருக்கிறது. (காரைக்குடி வாசகி)

பாத்திரத்தை வீட்டில் விடுங்கள், இலையில் கட்டுங்கள். வாழை இலையை அடுப்புத் தணலில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டினால் பச்சை கருத்து, துணி மாதிரி வளையும், மடித்தாலும் கிழியாது. நடுவில் புளியோதரை, நான்கு பக்கமும் மடித்து, வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் ஒரு கட்டு. சாப்பிட்டபின் மிஞ்சுவது இலை மட்டும். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நடக்கலாம்.

முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அடுத்த வேளைக்குப் புளியோதரை. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், மத்தியானத்துக்குள் ஊசிவிடும். தயிர் சாதத்துக்குச் சோற்றைப் பாலில் குழைத்து, ஆறியதும் ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். போகிற வழியில் தானாகப் புளிக்கும். அது இலையில் நிற்காது என்பதால் அதற்கு மட்டும் ஒரே ஒரு மூடி போட்ட டப்பா. திரும்பி வரும்போது அந்த டப்பாவுக்கு வேலை இருக்கிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

டிக்கெட், சாவி, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாச்சு என்பார் என் வீட்டுக்காரர். எங்கே என்று கேட்டால் தெரியாது. (திண்டுக்கல் வாசகி)

நானே ஒருமுறை குழுவின் மொத்த ரயில் டிக்கெட்டையும் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி பஸ் கூரைமேல், மேலே தார்ப்பாய், அதற்கு மேல் பதினெட்டு முடிச்சு. ஸ்டேஷன் வாசலில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தபோது கீழே நின்றவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து ஒரு ஜிப் பை, உடம்போடு குறுக்கே மாட்டுவது. டிக்கெட், அடையாள அட்டை, பணம், அன்றைய மாத்திரை, வீட்டுச் சாவி, போன். இந்த ஆறைத் தவிர ஏழாவது பொருள் அதற்குள் போகக் கூடாது. குளிக்கும்போது தவிரக் கழற்றவும் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டால் மருந்து வீணாகிவிடும். ஆதார் டிஜிலாக்கரில் இருந்தால் ரயிலில் காட்டலாம், ஆனால் போனில் சார்ஜ் இருக்க வேண்டுமே. அசலும் இருக்கட்டும் (இந்த ஒரு 'இருக்கட்டும்' மட்டும் பரவாயில்லை).

போகும்போது சரியாக இருந்த பை, திரும்பும்போது மூடவே மாட்டேன் என்கிறது! (நாகர்கோவில் வாசகர்)

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பழனிப் பஞ்சாமிர்தம், ஊட்டி வர்க்கி. நாலுமே புவிசார் குறியீடு வாங்கியவை, விட்டுவிட்டு வா என்று நான் சொன்னால் கேட்கப்போவதில்லை. அதனால் போகும்போதே பையில் கால்வாசி காலியாக இருக்கட்டும். அடியில் ஒரு காலிக் கட்டைப்பையை மடித்துப் போட்டுவிடுங்கள். ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை இல்லாத தமிழ்நாட்டு வீடு கிடையாது. திரும்பும்போது அழுக்குத் துணியெல்லாம் அதற்குள் போகும், தின்பண்டம் பைக்குள் வரும். அழுக்கையும் அல்வாவையும் சேர்க்காதீர்கள்.

பஞ்சாமிர்த டப்பா நிமிர்ந்தே இருக்க வேண்டும். வர்க்கியும் முறுக்கும் மேலே, அல்லது கையில். அடியில் வைத்தால் வீட்டில் பொடிதான் பங்கு வைக்கலாம். திருநெல்வேலி அல்வாதான் வில்லங்கம். வாங்கும்போது இறுகித்தான் இருக்கும். பஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் போனால் நெய் உருகிக் காகிதத்தைத் தாண்டி வரும். இங்கேதான் அந்தத் தயிர்சாத டப்பா. கழுவித் துடைத்து, அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே இறக்கி மூடுங்கள். டப்பா சின்னதாக இருந்தால் அல்வாவைக் கொஞ்சம் ஸ்டேஷனிலேயே குறைத்துக்கொள்ளலாம்.