எம்.எஸ்.டபிள்யூ. சேருமுன் களப்பணியைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்து, திருப்பூரில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தம்பியின் மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போய்வந்தபோது, அங்கிருந்த சமூகப்பணியாளர் எங்கள் குடும்பத்தைத் தாங்கிய விதம் என் மனத்தில் நின்றுவிட்டது. அந்தப் பணிக்குச் செல்ல எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பைப் படிக்கலாமா? வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் படித்தால் போதுமா?

பதில்: தாராளமாகப் படிக்கலாம். பொதுவாக எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவரையும் சமூகப்பணி முதுகலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். வேதியியல் படித்தது உங்களுக்குத் தடையாகாது. ஆனால் தொலைநிலைக் கல்வியைப் பற்றி முடிவெடுக்குமுன், இந்தப் படிப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். வகுப்பில் தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு (ஒரு பகுதி மக்களை ஒருங்கிணைத்துச் செய்யும் பணி), ஆய்வுமுறை ஆகியவற்றைக் கற்பிப்பார்கள். அவற்றை நூல்களிலும் படித்துவிடலாம். நூலில் கிடைக்காதது களப்பணி. வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையிலோ குழந்தைகள் இல்லத்திலோ குடியிருப்புப் பகுதியிலோ பணிசெய்து, அன்றன்று அறிக்கை எழுதி, அதை ஆசிரியரோடு அமர்ந்து விவாதிப்பதுதான் பல கல்லூரிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை.

அந்த விவாதம் எதற்கு என்பதற்கு, நான் வழிநடத்திய மாணவி ஒருவரின் ஏட்டையே சொல்கிறேன். வலிப்பு நோயுள்ள சிறுவனின் தாயைப் பற்றி, 'மருந்து வாங்க ஒழுங்காக வருவதில்லை, ஒத்துழைப்புக் குறைவு' என்று அவர் எழுதியிருந்தார். அந்த வரியின் கீழே கோடிட்டு, 'அவர் வந்துபோக எவ்வளவு செலவாகிறது?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மாணவி விசாரித்து வந்தார்: இரண்டு பேருந்து மாற வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும், சின்னக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவர வேண்டும். மருந்தை ஊருக்கருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெற வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்கும் எண்ணம் அதன் பிறகுதான் அந்த மாணவிக்கு வந்தது. ஒருவரின் மீது குறை எழுதுவதற்கு முன் அவருடைய நாளை அறிந்துகொள்ளும் இந்தப் பழக்கம், யாரேனும் உடனிருந்து திருத்தினால்தான் படியும்.

ஆகவே, 1936-இல் மும்பையில் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனமோ, 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியோ, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியோ, எதுவானாலும், பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அங்கு இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசி, ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், களப்பணி அறிக்கையின் ஓரத்தில் ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பு ஏதேனும் இருக்கிறதா, வெறும் கையொப்பம்தானா என்று கேளுங்கள்.

இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற நிறுவனங்களின் தொலைநிலை எம்.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி உண்டு. ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் பணிபுரிபவருக்கு அது பொருந்தும். நாள் முழுதும் வேறு துறையில் வேலை பார்க்கும் உங்களுக்கு முழுநேரப் படிப்பையே பரிந்துரைக்கிறேன். வருமானம் இரண்டு ஆண்டு தடைபடும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

சிறப்புப் பாடமாக மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணியை எடுங்கள். இன்னொரு சிறப்புப் பாடமான மனிதவள மேலாண்மையில் வேலை விரைவாகக் கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். நீங்கள் தேடும் பணி அதுவன்று. விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள்: சமூகவியல் வேறு, சமூகப்பணி வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்பவருக்குச் சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் வேண்டும் என்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இந்தப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. எம்.ஃபில். பட்டம் குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அண்மைக் காலத்தில் மாறிவருவதால், முதுகலையின் இறுதி ஆண்டில் அந்த ஆண்டுக்குரிய சேர்க்கை அறிவிப்பைப் பார்த்தே அடுத்த விண்ணப்பத்தை அனுப்புங்கள்.