வலிக்காமல் தொங்கும் சுண்டுவிரல்

ஆலங்குளம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் விரல் வீக்கம், காலை விறைப்பு, முடி உதிர்வு, நகத்தில் கோடு, புளி, தக்காளி என எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். "பத்து நாளாக வலது கைச் சுண்டுவிரலை நிமிர்த்த முடியவில்லை, வலி இல்லாததால் விட்டுவிட்டேன்" என்று அதில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உள்ள ஒரு கையில், ஒரு விரல் திடீரென்று, அதுவும் வலியே இல்லாமல் தொங்கிவிட்டால் விட்டுவிடக் கூடாது. கடிதத்தில் உள்ள மற்ற எதுவும் ஒரு மாதம் காத்திருக்கும். இந்த விரல் இந்த வாரத்துக்குள் ஓர் எலும்பியல் மருத்துவரின் கண்ணில் பட்டாக வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விரல்களை நிமிர்த்தும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நுனியிலிருந்து கிளம்பும் தசைநாண்கள் கயிறுகளைப் போல மணிக்கட்டைக் கடந்து, புறங்கை வழியாக ஒவ்வொரு விரலுக்கும் போகின்றன. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகச் சற்றே புடைத்திருக்கும் எலும்பை நீங்கள் தொட்டுப் பார்க்கலாம். முடக்குவாதத்தில் அந்த மூட்டின் உட்சவ்வு வீங்கி, எலும்பை இடத்தில் பிடித்துவைத்திருக்கும் நார்களைத் தளர்த்திவிடுவதால், அந்த முனை மேலே கிளம்பிவிடுகிறது. போதாததற்கு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகவும் ஆகிவிடுகிறது. தோண்டிக் கயிறு கிணற்றின் கல் விளிம்பில் உரசி உரசி இற்றுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கும் நடக்கிறது. நாணைச் சுற்றியுள்ள உறையும் வீங்கியிருந்தால், அது தன் பங்குக்கு நாணை அரிக்கிறது. பிறகு ஒரு நாள் துணியைப் பிழியும்போதோ குடத்தைத் தூக்கும்போதோ, இற்றுப்போன நாண் அறுந்துவிடுகிறது. பெரும்பாலும் அது அறுந்த கணம்கூடத் தெரிவதில்லை. முதலில் போவது சுண்டுவிரலின் நாண். கவனிக்காமல் விட்டால் அடுத்தது மோதிர விரல், அதற்கடுத்தது நடுவிரல்.

நாண் அறுந்திருக்கிறதா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஒன்றைப் பார்த்துவைத்துக்கொண்டால் மருத்துவருக்கு உதவும். இடது கையால் அந்தச் சுண்டுவிரலை மெதுவாக நிமிர்த்தி நிறுத்திவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். நிறுத்திய இடத்திலேயே விரல் நின்றால், நாண் அறுபடாமல், விரலடிக் கணுவின் மேட்டிலிருந்து பக்கத்துப் பள்ளத்தில் சறுக்கியிருக்க வாய்ப்புண்டு. தொப்பென்று விழுந்தால் அறுந்திருக்கலாம், அல்லது முழங்கை அருகே ஒரு நரம்பு அழுந்தியிருக்கலாம். எப்படியிருந்தாலும் போயாக வேண்டும். விரல் நின்றுவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாண் மட்டும் அறுந்த நிலையில் அதைப் பக்கத்து விரலின் நாணோடு இணைத்துத் தைத்து, கிளம்பியிருக்கும் எலும்பு முனையைச் சீர்செய்து, வீங்கிய சவ்வையும் எடுத்துவிட்டால், விரல் பெருமளவு வேலைக்குத் திரும்பிவிடும். மூன்று நாண்களும் போன பிறகு வந்தால், இணைத்துத் தைக்கப் பக்கத்தில் நல்ல நாண் இருக்காது. வேறிடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும், பலனும் அந்த அளவுக்குக் கிடைக்காது. அதுவரை அந்தக் கையால் துணி பிழிய வேண்டாம், குடம் தூக்க வேண்டாம், தைலம் தேய்த்து உருவவும் வேண்டாம். முக்கியமாக, சுளுக்குத் தடவுகிறவரிடம் கையைக் கொடுத்துவிடாதீர்கள். இற்றுக்கொண்டிருக்கும் நாணை இழுத்துவிட்டு, ஒரு விரலோடு போனவர்களை இரண்டு விரலோடு திருப்பி அனுப்பிய சாமர்த்தியத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நேராக நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் கை வருகிறது. விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, கடைசி ஆண்டுகளில் சோறு பிசையவும் முடியாமல், நீங்கள் ஊட்டிவிட்ட கை. உங்கள் கையும் அப்படித்தான் ஆகிவிடுமா என்பதே உங்கள் கேள்வி.

அந்தக் கை ஒரே நாளில் அப்படி ஆகியிருக்காது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டின் சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குவதில்தான் இந்த நோய் தொடங்குகிறது. முஷ்டியை மடக்கினால் விரலடிக் கணுக்களுக்கு இடையே தெரிய வேண்டிய பள்ளங்கள், சவ்வு வீங்கி நிரவிப்போயிருக்கும். காலையில் ஒரு மணி நேரமாவது கை பிடி கொடுக்காது. அப்போது எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அதைக் காட்டி "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. வீங்கிய சவ்வு எலும்பின் ஓரத்தை அரிக்கத் தொடங்குவது பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மூட்டை இறுக்கிப் பிடிக்கும் நார்கள் தளர்ந்து, நிமிர்த்தும் நாண்கள் கணுவின் மேட்டை விட்டுச் சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்ததும், ஒவ்வொரு முறை கை எதையாவது பற்றும்போதும் விரல்கள் அந்தப் பக்கமே இழுபடுகின்றன. சிலருக்கு நடுக்கணு பின்னுக்கு வளைந்து நுனி கவிழ்ந்து, விரல் அன்னத்தின் கழுத்தைப் போலாகிவிடும், சிலருக்கு நேர்மாறாக நடுக்கணு மடங்கி நுனி நிமிர்ந்துவிடும், கட்டைவிரலும் கோணிக்கொள்ளும். தொடக்கத்தில் இந்தச் சாய்வுகளை மறு கையால் தள்ளினால் நேராகும். தள்ளியும் நேராகாத நிலை வர ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில்தான் மருத்துவம் வேலை செய்ய முடியும்.

உங்கள் அம்மாவுக்கு அந்த ஆண்டுகள் வலி மாத்திரையிலும் தைலத்திலும் கழிந்திருக்கின்றன. அது அவர் குற்றமல்ல. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று அனுமதி கிடைத்ததே 1988இல்தான். இப்போதெல்லாம், நோய் வந்த முதல் சில மாதங்களிலேயே அதைத் தொடங்கி விடாமல் தொடர்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அம்மாவின் கை வருவதில்லை. நீங்கள் தாமதமாகத்தான் வருகிறீர்கள். ஏற்கெனவே அரிபட்ட எலும்பு திரும்ப வளராது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அரிப்பை இந்த இடத்தில் நிறுத்த முடியும்.

அந்த மருந்தை ஒரு மருத்துவர் உங்களுக்கு எழுதித் தந்திருக்கிறார். நீங்களோ மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு, அது புற்றுநோய் மருந்து என்று கைப்பேசியில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்து நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது, உங்கள் மீதல்ல. புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கும் அளவே வேறு, இதற்குக் கொடுக்கும் சிறு அளவு வேறு. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் மருந்தை மூன்றாவது வாரத்தில் "கேட்கவில்லை" என்று தீர்ப்புச் சொல்லவும் கூடாது. உண்மையான ஆபத்து, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய இதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிடுவதில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையை முடிவு செய்து காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் அமிலத்தையும், கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது செய்யும் பரிசோதனையையும் விடக் கூடாது. மாதவிலக்கு நிற்காதவர்கள் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

அதை நிறுத்திவிட்டு எதைச் சாப்பிடுகிறீர்கள்? மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பெயர் தெரியாத மாத்திரைகளை. விழுங்கிய சில மணி நேரத்தில் விரல்கள் மடங்குகின்றன என்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளில் முகம் பூரித்து, "நல்லா தேறிட்ட" என்று சொந்தக்காரர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தேறியதல்ல, அநேகமாக ஸ்டீராய்டின் வீக்கம். இந்த நோய்க்கு ஸ்டீராய்டை முதன்முதலில் கொடுத்துப் பார்த்தவர் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர். 1948இல், அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார், 1950இல் நோபல் பரிசும் வந்தது. அதன் விலை என்ன என்பது பிறகுதான் தெரிந்தது: எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும், நாண்களும் பலமிழக்கும். மருத்துவர் அளந்து, குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் அது நல்ல மருந்தே. கடைக்காரர் மடித்துக் கொடுப்பதற்கு அளவும் இல்லை, முடிவும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே அந்த மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்க நேரிடும். மாத்திரைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள்.

மீதிக் கேள்விகளுக்கு விரைவாக: புளி, தக்காளி, கத்தரிக்காய் எதுவும் காரணமல்ல, சாப்பிடுங்கள். நகத்துக் கோட்டுக்கும் சொடக்குச் சத்தத்துக்கும் இதில் பங்கில்லை. ரத்தப் பரிசோதனையில் வரும் ஆர்.ஏ. ஃபேக்டர் எண் 64இலிருந்து 80 ஆனதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நோயே இல்லாத சிலருக்கும் அது கூடியிருக்கும், நோய் உள்ள சிலருக்கு இல்லாமலும் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு நகத்தையொட்டிய கணுவில் உள்ள முடிச்சு வயதால் வரும் தேய்மானம், உங்கள் நோய் பெரும்பாலும் அந்த நுனிக் கணுவைத் தொடுவதில்லை. சிக்குன்குனியாவின் மிச்சமாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காய்ச்சல் பரவிய 2006க்குப் பிறகு நம் பக்கத்தில் எந்த மூட்டு வீங்கினாலும் அதன் பேரில் எழுதிவிடுவது பழக்கமாகிவிட்டது, நான்கு ஆண்டாக இரு கைகளிலும் வீங்கியிருப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டாம். மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், ஆனால் முடக்குவாதம் உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதேயில்லை. இப்போது பரிசோதனை எதுவும் அவளுக்குத் தேவையில்லை.

பீடி சுற்றியதால் இந்த நோய் வரவில்லை, விட்டுவிட்டால் போய்விடவும் போவதில்லை. ஆனாலும் சுண்டுவிரலைக் காட்டி முடிக்கும்வரை பீடிச் சுளவை எடுக்காதீர்கள். கத்தரியை அழுத்தும்போதும் இலையை உருட்டும்போதும் அந்த மணிக்கட்டுதான் உழைக்கிறது. கூலி போகும் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய், எலும்பியல் புறநோயாளிப் பிரிவில் "முடக்குவாதம் இருக்கிறது, விரல் விழுந்துவிட்டது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முடி உதிர்வைப் பிறகு சொல்லலாம். விரல் விழுந்த தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள் என்பதால் வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். போகும் நாளுக்கு முன்பே மோதிர விரலும் தாழ ஆரம்பித்தால், வாரம் முடியக் காத்திராமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.