மாஸ்டர், அந்தக் கிக்கைச் சொல்லித் தருவீங்களா?

கேள்வி: கராத்தே வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. வீடியோவில் பார்த்த ஸ்பின்னிங் ஹூக் கிக் (உடம்பைச் சுழற்றிக் குதிகாலால் அடிப்பது) மேல் பைத்தியமாக இருக்கிறேன். போன வாரம் வகுப்பு நடக்கும்போதே மாஸ்டரிடம் கேட்டேன். "முதல்ல ஃப்ரண்ட் கிக்கை ஒழுங்கா அடி" என்றார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் கேட்டதே தப்பா?

பதில்: கேட்டதில் தப்பில்லை, கேட்ட நேரம்தான் சரியில்லை. வரிசையாக இருபது பேர் நிற்கும்போது உங்கள் ஒருவருக்காக அவர் பாடத்தை மாற்றினால், மறுநாள் இருபது பேரும் ஆளுக்கொரு வீடியோவோடு வந்து நிற்பார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கலைகிற அந்த ஐந்து நிமிடத்தில் போய்க் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும்.

இன்னொன்று, அந்தக் கிக் உங்களுக்கு எதற்கு? ஸ்பாரிங்கில், அதாவது இருவர் மோதிப் பழகும்போது, எந்தக் காலைத் தூக்கினாலும் எதிரே நிற்பவர் கண்டுபிடித்து விலகிவிடுகிறார் என்றால் அதையே சொல்லுங்கள். "மாஸ்டர், என் கிக் எதுவுமே போய்ச் சேர மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் அவர் உங்கள் தூரத்தைப் பார்ப்பார், கிக் அடிப்பதற்கு முன் தோள் ஆடுகிறதா என்று பார்ப்பார், ஒருவேளை கீழே ஒரு பொய்க் கிக் காட்டிவிட்டு மேலே அடிக்கச் சொல்வார். சுற்றி அடிக்கிற வேலையே தேவைப்படாமல் போகலாம். இல்லை, அது அழகாக இருக்கிறது, அதனால்தான் ஆசை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லலாம். "எதிலிருந்து ஆரம்பிக்கணும் மாஸ்டர்?" என்று கூடவே கேட்டுவிடுங்கள். அவசரப்படவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அவர் ஃப்ரண்ட் கிக் என்றது உங்களை மட்டம்தட்ட அல்ல. முழங்காலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்பது, அடித்த காலை மடக்கி இழுப்பது எல்லாம் அதில்தான் பழகுகிறது. சுற்றி அடிக்கும்போது ஊன்றிய பாதமும் சேர்ந்து சுழல வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு நேரே முழங்காலில் இறங்கும். (இதை ஒரு தடவை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படி இறங்கும்போது இன்னமும் ஞாபகம் வருகிறது.)

கேள்வி: ஜியு-ஜிட்சு (எதிராளியைப் பிடித்து மடக்கும் கலை) பழகுகிறேன், இன்னும் ஆரம்பநிலை வெள்ளை பெல்ட்தான். ஹீல் ஹூக் என்ற கால் பிடியைக் கேட்டால் மாஸ்டர் "இப்ப வேண்டாம்" என்று தட்டிக்கழிக்கிறார். வித்தையை ஒளித்துவைக்கிறாரா?

பதில்: ஒளிக்கவில்லை. முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடியில் வலி முதலில் வரும், 'விட்டுவிடு' என்று கையால் நீங்கள் தட்டிவிடலாம். ஹீல் ஹூக்கில் குதிகாலைப் பிடித்துத் திருப்பும்போது அடிவாங்குவது முழங்கால், வலி உறைப்பதற்குள் தசைநார் கிழிந்துவிடக்கூடும். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளிலேயே 2021-இல்தான் இதை அனுமதித்தார்கள், அதுவும் கீ என்கிற பயிற்சி உடை அணியாத பிரிவில், பெரியவர்களில் பிரவுன், பிளாக் பெல்ட்காரர்களுக்கு மட்டும். ஜூடோவிலும் இப்படி ஆபத்தான ஒன்று, கானி பசாமி என்ற வீழ்த்து உண்டு, கத்தரிக்கோல் மாதிரி காலைப் போட்டுச் சாய்ப்பது. 1980-இல் அதில் ஜப்பானிய ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிதாவின் கால் எலும்பு முறிந்தது. அவர் தேறி வந்து 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், அது வேறு கதை. அந்த வீழ்த்துக்குப் போட்டிகளில் தடை.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "யாராவது என் குதிகாலைப் பிடித்தால் எப்படித் தப்பிப்பது, எப்போது தட்டிவிட வேண்டும்?" என்று கேளுங்கள். தற்காப்பைக் கேட்டால் மறுக்கிற மாஸ்டர் அபூர்வம். தப்பிக்கப் பழகினால் அந்தப் பிடியிலேயே பாதி புரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு வயது 42. போட்டி, பெல்ட் எதிலும் ஆர்வமில்லை. யாராவது கையைப் பிடித்தால் விடுவிக்கத் தெரிந்தால் போதும். கராத்தே மாஸ்டரோ கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு), கட்டா என்று அதையே செய்யச் சொல்கிறார். எப்படிக் கேட்பது?

பதில்: சேர்ந்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது, பரவாயில்லை, இப்போது சொல்லுங்கள். ஷோட்டோகான் பாணிக் கராத்தே பழகுகிறீர்களென்றால் ஒரு வழி இருக்கிறது. ஹெயான் ஷோதான் என்ற கட்டாவில் நான்காவது அசைவை நினைத்துப் பாருங்கள், கையை வெடுக்கென்று இழுத்து மேலிருந்து முஷ்டியைச் சுத்தியல் மாதிரி இறக்குவீர்களே, அதற்குப் பலரும் சொல்கிற விளக்கமே பிடிபட்ட மணிக்கட்டை விடுவிப்பதுதான். "மாஸ்டர், இந்த அசைவோட புங்காய் என்ன? என் கையைப் பிடிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள் (புங்காய் என்றால் அசைவின் பயன் விளக்கம்). அவர் பாடமும் கெடாது, உங்களுக்கு வேண்டியதும் கிடைக்கும். அப்படியும் "கட்டா மட்டும் செய்" என்றால், தற்காப்புக்கென்றே நடக்கிற வகுப்பைத் தேடிப் போவதில் ஒரு பாவமும் இல்லை.

கேள்வி: வெளியே ஒரு முகாமில் ஒரு வீழ்த்து கற்றுக்கொண்டேன். எங்கள் வகுப்பு ஸ்பாரிங்கில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அது வருகிறதென்றே எதிரே இருப்பவருக்குத் தெரியாது, விழத் தயாராக இருக்கமாட்டார். முதலில் மாஸ்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மெதுவாக, சொல்லிவிட்டுப் போடுங்கள்.