விடை சரி, வேலை மட்டும் இல்லை

கேள்வி: ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலில் நான்கு சுற்றுகள் கடந்தேன். நிரல் எழுதச் சொன்ன கேள்விகள் அனைத்துக்கும் சரியான விடை எழுதினேன். நேர்காணல் செய்தவர்களும் சிரித்துப் பேசித்தான் வழியனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, தேர்வாகவில்லை என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. காரணம் கேட்டேன்; பதில் இல்லை. எங்கே தவறினேன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வழக்குக்கு இடம் தரக்கூடாது என்ற அச்சத்தால் பெரும்பாலான நிறுவனங்கள் காரணம் சொல்வதில்லை, அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'சரியான விடை' என்ற சொல்தான்.

சிரித்துப் பேசியவர் கையில் முடிவு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. கூகுளில் நேர்காணல் செய்பவர் நடந்ததைக் குறிப்பாக எழுதிக் கொடுப்பார். உங்கள் முகத்தையே பார்த்திராத ஒரு குழு அதைப் படித்துத் தீர்மானிக்கும். அமேசானில், தேர்வின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ள 'பார் ரைசர்' என்று ஒருவர் இருப்பார். அவர் ஆள் எடுக்கும் அணியைச் சேராதவர், அவரை மீறி அணியின் மேலாளர் ஆள் எடுத்துவிட முடியாது. ஆகவே ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நாற்பத்தைந்து நிமிடத்தில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதது எதுவும் அந்தக் குறிப்பில் ஏறாது.

ஓர் எடுத்துக்காட்டு: எண்களின் பட்டியல் ஒன்றில், கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்தவர் மளமளவென்று எழுதி முடித்துவிடுவார். தேறுகிறவரோ, பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா, குறை எண்கள் வருமா, ஒரே எண்ணை இருமுறை எடுக்கலாமா என்று முதலில் கேட்பார். ஒவ்வொரு இணையாகச் சோதித்தால் ஒரு லட்சம் எண்களுக்குக் கிட்டத்தட்ட 500 கோடி இணைகளைப் பார்க்க நேரும் என்றும், பார்த்த எண்களை ஹாஷ் டேபிளில் (ஓர் எண் ஏற்கெனவே வந்ததா என்று சட்டெனச் சொல்லிவிடும் சேமிப்பு முறை) போட்டுக்கொண்டே போனால் பட்டியலை ஒரே முறை கடந்தால் போதும் என்றும், அதற்கு விலையாகக் கூடுதல் நினைவகம் செலவாகும் என்றும் சொல்லிவிட்டுத்தான் எழுதத் தொடங்குவார். இருவர் நிரலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதலாமவரைப் பற்றி எழுத, விடை வந்தது என்பதைத் தவிர ஒன்றுமிராது.

அமேசான் தன் ஊழியர்களிடம் எதிர்பார்க்கும் 16 தலைமைப் பண்புகளை வைத்துக் கேட்கும் அனுபவக் கேள்விகளில் நம்மவர்கள் வேறு விதமாகச் சறுக்குகிறார்கள். தன்னைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 'நாங்கள் செய்தோம்' என்பார்கள். எதிரிலிருப்பவர் அதில் நீங்கள் செய்தது எது என்று தேடித் தோற்றுப்போவார்.

இந்த முறை குறையற்றது என்று நான் வாதிட மாட்டேன். மென்பொருள்களை நிறுவ மேக் கணினிக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ என்ற கருவியை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பைனரி மரத்தை (ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கிளை வரை பிரியும் தரவு அமைப்பு) தலைகீழாக்கத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015இல் ட்விட்டரில் எழுதியது பெரும் விவாதமானது. நிரலோடு தொடர்பில்லாத புதிர்க் கேள்விகளால் பயனில்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013இல் ஒப்புக்கொண்டார்.

பல நிறுவனங்களில் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அதுவரை, தானாக நிரப்பித் தரும் வசதி இல்லாத வெறும் பக்கத்தில், நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, பேசிக்கொண்டே எழுதிப் பழகுங்கள். முடிந்ததும் அவரை உங்களைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.