முழங்கால் பயிற்சி: கேளுங்கள், பிசியோ பதில் சொல்கிறேன்

கேள்வி: பிசியோ முன்னால் குந்தி எழுந்தால் முட்டி நேராக நிற்கிறது. வீட்டில் படி இறங்கும்போது உள்பக்கமாகச் சாய்கிறது. தசை இன்னும் பலவீனமா?

தசையும் இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு வேறு சந்தேகம். அங்கே ஒவ்வொரு தடவையும் எதிரில் கண்ணாடி இருக்கும், பக்கத்தில் ஒருவர் "உள்ளே போகுது, வெளியே தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லச் சொல்லத் திருத்திக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். படியில் அவர் இல்லை. ஒரு அமர்வில் நன்றாகச் செய்வது வேறு, கற்றுக்கொள்வது வேறு. எங்கள் தொழிலிலேயே பாதிப்பேர் இதைக் குழப்பிக்கொள்கிறோம். 1990இல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கையசைவு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொன்னார்கள், இன்னொன்றுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும். பழகும்போது பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாள் எதுவுமே சொல்லாமல் செய்யச் சொன்னபோது பாதிக்கு மட்டும் முடிவு சொல்லப்பட்ட குழுதான் முந்தியது. அதனால் உங்கள் பிசியோவிடம் இப்படிக் கேளுங்கள்: நான் ஐந்து தடவை செய்கிறேன், அதுவரை எதுவும் சொல்ல வேண்டாம், எது கோணியது என்று முதலில் நான் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். கண்ணாடியையும் பாதி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் முக்கியமாக, படியிலேயே பழகுங்கள். சமதளத்தில் கற்றது தானாகப் படிக்குப் போய்ச் சேராது.

கேள்வி: பிசியோதெரபி மாணவி நான். நோயாளியிடம் "குவாட்ரிசெப்ஸை இறுக்குங்க" என்று சொல்லச் சொல்லித்தான் கற்றுத்தந்தார்கள். சரிதானே?

தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸைப் பெயர் சொல்லி இறுக்கச் சொல்வது தப்பில்லை, ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். கவனத்தை உடம்புக்குள் வைப்பதைவிட, அசைவு வெளியே என்ன செய்கிறது என்பதில் வைத்தால் பெரும்பாலும் நன்றாகக் கற்கிறார்கள் என்பதை அசைவு கற்றலை ஆராயும் காப்ரியேல் வுல்ஃப் 1990களின் இறுதியிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "துண்டை மெத்தைக்குள் அமுக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். தொடையின் முன்பக்கம் தானாக இறுகும், முட்டிச்சில்லு லேசாக மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். குதித்து இறங்கப் பழக்கும்போது "முட்டியை மடக்குங்க" என்பதற்குப் பதில் "சத்தம் வராம இறங்குங்க". ஒரு விதிவிலக்கு: அறுவை சிகிச்சை முடிந்த கையோடு முட்டி வீங்கியிருக்கும்போது, அந்த வீக்கமே நரம்பு வழியாக இந்தத் தசையை அமுக்கி வைத்துவிடும். அப்போது தொடையைக் கையால் தொட்டு "இங்கே" என்று காட்ட வேண்டித்தான் வரும். வீக்கத்தைக் குறைக்காமல் வார்த்தையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கேள்வி: கால் கிட்டத்தட்ட நேராகிவிட்டது. கடைசி சில டிகிரிக்கு ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறார்கள்?

முட்டியை வெறும் கதவுக்கீல் மாதிரி நினைப்பதால் வரும் கேள்வி இது. நீட்டலின் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியில் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் நிற்கும்போது தசைக்கு அதிக வேலை இல்லை. மடக்க ஆரம்பிக்கும்போது முட்டிக்குப் பின்னால் இருக்கும் பாப்ளிட்டியஸ் என்ற சின்னத் தசை அந்தப் பூட்டைத் திறக்கும். முழுதாக நீட்ட முடியாவிட்டால் நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை உழைத்துக்கொண்டே இருக்கும், நடையும் நொண்டும். பாடுபடுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: ஒரே பயிற்சியை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதா, கலந்து செய்வதா?

முதல் சில நாட்கள், அசைவே பிடிபடாத கட்டத்தில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிடிபட்டதும் கலக்கலாம்: ஒரு குந்தல், ஒரு படி ஏற்றம், ஒற்றைக்கால் நிற்றல், மறுபடி குந்தல். அன்றைக்குத் தடுமாறும், எரிச்சலாகவும் இருக்கும். ஷே, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் 1979இலேயே காட்டியது இதைத்தான்: கலந்து பழகியவர்கள் பழகும்போது பின்தங்கினாலும் பிற்பாடு நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

கேள்வி: மெனிஸ்கஸ் கிழிசல் தானாக ஆறுமா?

மெனிஸ்கஸ் என்பது முட்டிக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு. அது ஆறுமா என்பது எங்கே கிழிந்தது என்பதைப் பொறுத்தது. வெளி விளிம்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, ஆற வாய்ப்பிருக்கிறது. உள் விளிம்புக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆறாத கிழிசல் எல்லாமே வலிக்கும் என்றும் இல்லை. முட்டி சிக்கிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஏசிஎல் ஜவ்வு (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுவை சிகிச்சை முடிந்து 6 மாதம். வலியே இல்லை. கால்பந்து ஆடலாமா?

வேண்டாம். வலி இல்லை என்பது ஜவ்வு தயார் என்பதற்கு அடையாளமே இல்லை. பொருத்திய ஜவ்வு உள்ளே மெல்ல மெல்லத்தான் உறுதியாகும், 9 மாதத்துக்கு முன் திரும்பியவர்களுக்கு மறுபடி அடிபடுவது அதிகம். நாள் கணக்கு மட்டும் போதாது. குவாட்ரிசெப்ஸ் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்கிறதா, ஒற்றைக்காலில் தாவி இறங்கினால் முட்டி ஆடாமல் நிற்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, நீங்கள் தாவி இறங்கும்போது ஒருவர் எதிர்பாராமல் பந்தை வீசட்டும். கண்ணும் மனசும் பந்தில் இருக்கும்போதும் முட்டி உள்ளே விழவில்லை என்றால்தான் மைதானப் பேச்சு.